தீபாவளிக்கு முன் நேர்மைப் பயிற்சி நடத்தச் சொல்கிறார்கள், உருப்படியாக எப்படி நடத்துவது?

குறிச்சிக்குளம்:
எல்லோருக்கும் வணக்கம். கோவையில் பம்புக்கு வார்ப்படம் செய்து கொடுக்கும் ஒரு கம்பெனியில் பர்ச்சேஸும் ஸ்டோர்ஸும் பார்க்கிறேன். ஃபவுண்டரி, மெஷின் ஷாப், ஆபீஸ் எல்லாம் சேர்த்து 140 பேர். எங்கள் சரக்கு ஜெர்மனிக்கும் போகிறது. அந்த வாடிக்கையாளர் இந்த வருடம் அனுப்பிய படிவத்தில், ஊழியர்களுக்கு வணிக நெறி பற்றி ஆண்டுதோறும் பயிற்சி தருகிறீர்களா என்று ஒரு கேள்வி இருக்கிறது. ஆமாம் என்று டிக் அடித்து, போட்டோவும் கையெழுத்து ஷீட்டும் இணைக்க வேண்டும். முதலாளி என்னைக் கூப்பிட்டு, தீபாவளிக்கு முன்னால் அரை நாள் ஏதாவது ஏற்பாடு பண்ணிவிடு என்றார். சென்னையிலிருந்து ஒரு பயிற்சியாளர் அனுப்பிய 62 ஸ்லைடுகளையும் பார்த்தேன். எங்கள் ஷெட்டுக்குள் நடக்கும் எதையும் அவற்றில் ஒன்றுகூடத் தொடவில்லை.

எங்கள் ஷெட்டில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். போன வருடம் வரை கடைசல் ஸ்கிராப் எடுக்க வரும் லாரி காலியாக எடைமேடை ஏறும்போது டிரைவர், கிளீனர், கூட ஒரு ஆள் என்று மூன்று பேரும் உள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள். கேபினுக்குப் பின்னால் இருநூறு லிட்டர் டிரம்மில் தண்ணீர் தளும்பிக்கொண்டு நிற்கும். லோடு ஏற்றி மறுபடி மேடைக்கு வரும்போது ஆட்கள் இறங்கி டீக்கடையில் நிற்பார்கள், டிரம்மும் காலி. காலி லாரியின் எடை இப்படிக் கூடுதலாகப் பதிவானதால், ஒரு லோடுக்கு 350 கிலோவுக்குக் குறையாமல் காசில்லாமல் வெளியே போனது. எடைமேடையில் இருந்த பையன் ஒன்றரை வருடமாக இதைத் தினமும் பார்த்திருக்கிறான். ஏண்டா சொல்லவில்லை என்று கேட்டேன். "யார்கிட்டங்க சொல்றது? ஸ்கிராப் எடுக்கிறது நம்ம சூப்பர்வைசரோட மாமனாருங்க" என்றான்.

அந்தப் பையனுக்கு உபயோகமாக ஒரு பயிற்சி நடத்த வேண்டும் என்பதுதான் என் ஆசை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நூல்முனை:
சார், நான் திருப்பூரில் 11 வருடமாக கம்ப்ளையன்ஸ் வேலை (சட்டமும் வாங்குபவர் விதிகளும் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்ப்பது) பார்க்கிறேன், இரண்டு கம்பெனிகளில் இருந்திருக்கிறேன். உங்கள் பயிற்சியாளர் எப்படி வருவார், என்ன பேசுவார், எத்தனை மணிக்குக் கிளம்புவார் என்று இங்கிருந்தே சொல்லிவிடுவேன். பேனர் கட்டுவோம், லைன் நிறுத்தி முப்பது பேரைக் கூட்டி வந்து உட்கார வைப்போம், போட்டோ எடுப்போம், கையெழுத்து வாங்குவோம், டீ பிஸ்கட். அன்று சாயங்காலமே புரொடக்‌ஷன் குறைந்துவிட்டது என்று சூப்பர்வைசர் அந்த முப்பது பேரையும் ஒரு மணி நேரம் கூடுதலாக நிறுத்துவார். ஆடிட் வரும் வாரம் இன்னொரு பயிற்சி நடக்கும், அது பேனர் இல்லாத பயிற்சி. ஆடிட்டர் கேட்டால் எட்டு மணி நேரம்தான் வேலை என்று சொல், ஓவர்டைமுக்கெல்லாம் டபுள் சம்பளம் என்று சொல். இதை நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். முதல் கம்பெனியை விட்டு வந்ததற்கு அது ஒரு காரணம்.

ஆனால் பயிற்சியே வீண் என்று நான் சொல்ல மாட்டேன். 2022 ஏப்ரலில் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம் பற்றிப் படித்துப் பாருங்கள். 2021 ஜனவரியில் அங்கே ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளம்பெண்ணை அவருடைய சூப்பர்வைசரே கொன்றுவிட்டார். அதற்கு முன்னால் அவர் கொடுத்த தொந்தரவு அங்கே பலருக்குத் தெரிந்திருந்தது. அதன் பிறகு பெண்கள் தலைமையில் நடக்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், ஆசிய அளவில் கூலிக்காகப் போராடும் ஒரு கூட்டமைப்பு, அந்த ஆலையை நடத்தும் ஈஸ்ட்மேன் நிறுவனம், துணி வாங்கும் எச் அண்ட் எம் எல்லாம் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டார்கள், அப்புறம் கேப், பிவிஎச் என்ற துணி பிராண்டுகளும் சேர்ந்துகொண்டன.

அதிலும் பயிற்சி இருக்கிறது, எல்லாருக்கும் இருக்கிறது, சூப்பர்வைசருக்கும் மேனேஜருக்கும் சேர்த்து. வித்தியாசம் மற்றதில். தையல் லைனிலேயே வேலை பார்க்கும் பெண்களில் சிலரைக் கண்காணிப்பாளராக யூனியன் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தருகிறது. பிரச்சினையைச் சொல்ல ஆபீஸ் ரூமுக்குப் போக வேண்டியதில்லை, பக்கத்து மெஷினில் இருக்கும் அக்காவிடம் சொல்லலாம். சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்பது எழுத்தில் இருக்கிறது. கம்பெனி மீறினால் பிராண்டு ஆர்டர் விஷயத்தில் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும் என்பதும் எழுத்தில் இருக்கிறது. உங்கள் எடைமேடைப் பையன் கேட்ட கேள்விக்கு அங்கே ஒரு பதில் வைத்துவிட்டுத்தான் பயிற்சியைத் தொடங்கினார்கள். நீங்களும் முதலில் அதை முடிவு பண்ணிக்கொள்ளுங்கள் சார்.

ஓய்வூதியர்62:
தம்பி, 34 வருடம் அரசு வங்கியில் இருந்தேன், கடைசி ஆறு வருடம் ஊழல் புகார்களை விசாரிக்கும் விஜிலென்ஸ் பிரிவு. சர்தார் படேல் பிறந்த நாளான அக்டோபர் 31 வரும் வாரத்தை மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் விழிப்புணர்வு வாரமாகக் கொண்டாடச் சொல்லும். உறுதிமொழி எடுப்போம், கட்டுரைப் போட்டி, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி, ரேஸ்கோர்ஸில் நடைப்பயணம். இணையத்திலும் உறுதிமொழி எடுத்துச் சான்றிதழ் இறக்கிக்கொள்ளலாம், நிறுவனங்களுக்கும் தனியாக உண்டு. இதைக் கேலி செய்கிறவர்கள் நிறையப் பேர், நான் செய்ய மாட்டேன். அந்த ஒரு வாரம் கவுன்டருக்கு வரும் சாதாரண ஆளுக்கும் லஞ்சம் கேட்டால் புகார் கொடுக்கலாம் என்ற போர்டு கண்ணில் படும். அந்த வாரத்தில் எங்களுக்கு வரும் கடிதங்கள் அதிகம், அவற்றில் உண்மையும் இருக்கும்.

ஆனால் திருட்டைப் பிடித்துக் கொடுத்தது பெரும்பாலும் பேச்சு கிடையாது, லீவுதான். நாற்காலியில் ஒரே ஆள் நகராமல் இருந்தால்தான் மோசடி ஓடும். அதனால்தான் முக்கியமான இருக்கைகளில் இருப்பவர்களை வருடத்துக்கு ஒரு தடவை, முன்கூட்டிச் சொல்லாமல், சேர்ந்தாற்போல் 10 வேலை நாள் கட்டாய விடுப்பில் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்கிறது. பஞ்சாப் நேஷனல் வங்கி விஷயத்தை நினைத்துப் பாருங்கள். மும்பை பிராடி ஹவுஸ் கிளையில் ஒரே அதிகாரி 2010 முதல் அந்நியச் செலாவணிப் பிரிவிலேயே இருந்தார். வங்கியின் மையக் கணக்கில் ஏற்றாமலே, வங்கிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் வழியாக வெளிநாட்டு வங்கிகளுக்கு உத்தரவாதச் செய்தி போய்க்கொண்டிருந்தது. 2017 மே மாதம் அவர் ஓய்வு பெற்றார். 2018 ஜனவரியில் வைரக் கம்பெனி ஆட்கள் வந்து வழக்கம்போல் உத்தரவாதம் கேட்க, புதிதாக உட்கார்ந்திருந்தவர் முழுத் தொகைக்கும் பணம் கட்டுங்கள் என்று சொல்ல, இதுவரை அப்படிக் கேட்டதே இல்லையே என்று அவர்கள் சொல்ல, அதிலிருந்துதான் நூல் பிரிந்தது. முதலில் வெளியில் சொன்ன தொகையே 11,400 கோடி. அந்த வங்கியிலும் எல்லாரும் வருடா வருடம் உறுதிமொழி எடுத்தவர்கள்தான்.

ஆகவே எடைமேடைக்கு இரண்டு பேரைப் பழக்குங்கள், மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். பயிற்சியில் அதையே ஒரு பாடமாக வையுங்கள்: எப்படி எடை பார்ப்பது, எதைக் கவனிப்பது, எங்கே எழுதுவது.

ஐந்து லேத்:
கோவை கணபதியில் ஜாப் ஒர்க் பண்ணுகிறேன். பேர்லயே தெரியும், ஐந்து லேத், ஏழு ஆள். உங்களை மாதிரி கம்பெனிகளுக்குத்தான் வேலை செய்து கொடுக்கிறேன், அதனால் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன், தப்பாக எடுத்துக்காதீங்க.

போன வருடம் ஒரு பெரிய கம்பெனி எங்களை மாதிரி சப்ளையர்கள் நாற்பது பேரை ஹோட்டலுக்குக் கூப்பிட்டு நேர்மை பற்றிக் கூட்டம் நடத்தியது. நல்ல சாப்பாடு. லஞ்சம் கொடுக்காதீர்கள், எங்கள் ஆள் கேட்டால் இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள் என்றார்கள். சந்தோஷம். அந்தக் கம்பெனி எனக்கு 130 நாளாக பில் பாக்கி வைத்திருந்தது. மேடையில் பேசியவரிடம் எழுந்து கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்டால் அடுத்த மாதம் வேலை வராது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார், அவருக்கும் அதே பாக்கி.

சட்டம் இருக்கிறது. 2006இல் வந்த எம்எஸ்எம்ஈ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி குறு, சிறு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், எழுதிய ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில் கொடுத்தாக வேண்டும். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டி. 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரியிலும் பிடி வைத்திருக்கிறார்கள், காலத்துக்குள் கொடுக்காத பணத்தை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது. அப்படியும் வட்டி கேட்டு வழக்குப் போட்ட லேத்காரரை நான் பார்த்ததில்லை. யாரால் முடியும்?

உங்கள் பயிற்சியில் இதைச் சேர்ப்பீர்களா? பில் வராமல் கிடக்கும்போதுதான் சின்ன ஆள் கிளார்க்குக்கு ஐநூறு ரூபாயை மடித்து நீட்டுகிறான். நானும் நீட்டியிருக்கிறேன். பொங்கல் சமயம், ஆளுக்கு போனஸ் கொடுக்க வேண்டும், பில் அந்த கிளார்க் மேசையில் மூன்று வாரமாகக் கிடந்தது. அன்று என் பையனை வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டுதான் போனேன். அவன் பார்த்தான். அது இன்னும் உறுத்துகிறது.

குறிச்சிக்குளம்:
அண்ணா, தப்பாக எடுக்க இதில் ஒன்றுமே இல்லை. எங்கள் பாக்கிப் பட்டியல் எப்படி இருக்கிறது என்று நாளைக்கே அக்கவுண்ட்ஸில் கேட்கிறேன்.

பாடவேளை:
மேலாண்மைக் கல்லூரியில் இந்தப் பாடத்தைத்தான் நடத்துகிறேன். ஆராய்ச்சிப் பக்கத்திலிருந்து ஒன்றிரண்டு விஷயம்.

2012இல் அமெரிக்காவில் ஒரு புகழ்பெற்ற ஆய்வு வந்தது. படிவத்தின் அடியில் போடும் "நான் சொல்வது உண்மை" என்ற கையெழுத்தை மேலே, நிரப்புவதற்கு முன்னால் போட வைத்தால் மக்கள் நேர்மையாக நிரப்புகிறார்கள் என்று சொன்னது, கார் இன்ஷூரன்ஸ் படிவத்தில் ஓடிய மைல் கணக்கை வைத்து. செலவே இல்லாத வைத்தியம், யாருக்குத்தான் பிடிக்காது? நானும் நாலைந்து வருடம் வகுப்பில் சொன்னேன். 2020இல் அதே ஆசிரியர்கள் மறுபடி செய்து பார்த்தபோது அந்த விளைவு வரவில்லை. 2021இல் வேறு மூவர் பழைய தரவைக் கிளறிப் பார்த்தார்கள், அந்த மைல் கணக்குகள் ஜோடிக்கப்பட்டவை என்று தெரிந்தது. கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. நேர்மை பற்றிய ஆய்வுக்கே இந்த நிலை என்று தெரிந்த அன்று எனக்கு மனசு விட்டுப்போனது. அடுத்த வகுப்பில் பிள்ளைகளிடம் நான் சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டுத்தான் பாடம் எடுத்தேன்.

நிற்கிற விஷயமும் இருக்கிறது. மோசடித் தணிக்கையாளர்களின் உலக அமைப்பு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வழக்குகளைத் தொகுத்து அறிக்கை போடுகிறது. அதில் மோசடி வெளிவரும் வழிகளில் எப்போதும் முதலிடம் யாரோ ஒருவர் வந்து சொல்வதுதான், 2024 அறிக்கையில் 43 சதவீதம். சொல்கிறவர்களில் பாதிக்கு மேல் ஊழியர்கள். கணக்குத் தணிக்கை அதற்கு வெகு பின்னால் வருகிறது. பயிற்சி கொடுத்த இடங்களில் ஊழியர்கள் முறையான வழியில் வந்து சொல்வது அதிகமாக இருக்கிறது என்றும் அதில் பார்க்கலாம். ஆக நூல்முனை சொன்னதும் ஐயா சொன்னதும் ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன.

விருது, சான்றிதழை நம்பாதீர்கள். சத்யம் என்ற ஐடி கம்பெனி 2008இல் நல்ல நிர்வாகத்துக்காக கோல்டன் பீகாக் விருது வாங்கியது. 2009 ஜனவரி 7ஆம் தேதி அதன் தலைவரே கணக்கு பொய் என்று கடிதம் எழுதினார், விருதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். கணக்கு மோசடியில் திவாலான அமெரிக்கக் கம்பெனி என்ரானிடம் 64 பக்க நடத்தை விதிப் புத்தகம் இருந்தது.

நடத்தும் முறைக்கு ஒரு யோசனை. மேரி ஜென்டைல் என்ற ஆசிரியை சொல்லிக் கொடுத்த வழி. எது சரி, எது தப்பு என்று வகுப்பில் கேட்காதீர்கள், அது எல்லாருக்கும் தெரியும். சரி என்று தெரிந்ததை யாரிடம், எப்போது, என்ன வார்த்தையில் சொல்வாய் என்று கேளுங்கள். சொல்லிப் பழகச் சொல்லுங்கள், வாய்விட்டு. எடைமேடையில் நிற்கும் பையன் லாரி டிரைவரிடம் "அண்ணே, எல்லாரும் கீழ இறங்குங்க, டிரம்மைத் திறந்துவிடுங்க" என்று பத்துப் பேர் முன்னால் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டால், நிஜ லாரி வரும்போது வார்த்தை தொண்டையில் நிற்காது.

வெள்ளரளி:
புதிதாக எழுதுகிறேன். படிப்பு முடித்து 8 மாதம் ஆகிறது, ஒரு வார்ப்படக் கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறேன். இங்கே டென்சைல் டெஸ்ட் (உலோகத்தை இழுத்துப் பார்க்கும் வலிமைச் சோதனை) எல்லா ஹீட்டுக்கும், அதாவது ஒவ்வொரு தடவை உருக்கும் உலோகத்துக்கும், எடுப்பதில்லை. போன மாத ரிப்போர்ட்டை எடுத்து ஹீட் நம்பரையும் தேதியையும் மாற்றி, அளவில் கடைசி எண்ணை மட்டும் கொஞ்சம் மாற்றி என் கையெழுத்துக்கு அனுப்புகிறார்கள். முதல் தடவை தெரியாமல் போட்டுவிட்டேன். இப்போது தெரிகிறது. சீனியரிடம் கேட்டால், பீஸ் நல்லாத்தானே இருக்கு, பத்து வருஷமா இப்படித்தான் என்கிறார். வீட்டில் இன்னும் படிப்புக் கடன் இருக்கிறது. என்ன செய்வது என்று தெரியாமல்தான் இந்த இழையைத் தினமும் படிக்கிறேன்.

பாடவேளை:
அம்மா, ஜப்பானில் கோபே ஸ்டீலிலும் பீஸ் நல்லாத்தான் இருக்கிறது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2017 அக்டோபரில் தரப் பரிசோதனை எண்களை மாற்றி எழுதினோம் என்று அவர்களே ஒத்துக்கொண்டபோது பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர்கள் 500க்கு மேல், கார், விமானம், புல்லட் ரயில் செய்கிறவர்கள் எல்லாம் அதில். விசாரித்துக்கொண்டே போனால் 1970களிலிருந்து அந்தப் பழக்கம் இருந்திருக்கிறது. பின்னால் வேலைக்குச் சேர்ந்த ஒவ்வொருவரிடமும் யாரோ ஒரு சீனியர் இதே வார்த்தையைச் சொல்லியிருப்பார்.

ஓய்வூதியர்62:
பாப்பா, அவசரப்பட்டுத் தனியாகப் போய் மோதாதே. தைரியமாகச் சொல் என்று மேடையில் பேசுவது சுலபம். மஞ்சுநாத் சண்முகம் என்ற பையன் லக்னோ ஐஐஎம்மில் படித்துவிட்டு இந்தியன் ஆயிலில் விற்பனை அதிகாரியாக இருந்தான். உத்தரப் பிரதேசம் லக்கிம்பூர் கேரியில் கலப்பட பெட்ரோல் பங்க் ஒன்றில் விற்பனையை நிறுத்தி வைத்தான், 2005 நவம்பர் 19 அன்று சுட்டுக் கொன்றார்கள். 27 வயது. பிறகு அவன் பெயரில் ஒரு அறக்கட்டளை தொடங்கப்பட்டது. நல்ல காரியம். ஆனாலும் அவன் பெற்றோரை நினைத்தால் எனக்குப் பேச்சு வராது. தகவல் சொல்கிறவர்களைக் காக்கும் சட்டத்தை 2014இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது, இன்னும் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. வந்தாலும் அது அரசுப் பணியாளர்கள் மீதான புகாருக்குத்தான், தனியார் கம்பெனிக்குள் நடப்பதற்குப் பொருந்தாது.

அதனால் இப்படிச் செய். இனிமேல் டெஸ்ட் எடுக்காத ஹீட்டுக்குக் கையெழுத்துப் போடாதே. முகத்துக்கு நேரே மறுக்க வேண்டாம், "இந்த ஹீட்டின் டெஸ்ட் பார் (சோதனைக்கான மாதிரித் துண்டு) இன்னும் கிடைக்கவில்லை, வந்ததும் முடிக்கிறேன்" என்று மெயிலில் எழுது. எந்தத் தேதியில் எந்த ரிப்போர்ட் வந்தது என்று உன் டைரியில் குறித்து வை. கம்பெனி பங்குச் சந்தையில் இருக்கிறதா, வங்கிகளில் 50 கோடிக்கு மேல் கடன் வாங்கியிருக்கிறதா என்று பார். அப்படியிருந்தால் 2013 கம்பெனிச் சட்டம் 177ஆம் பிரிவுப்படி புகார் சொல்ல ஒரு வழி அங்கே இருந்தாக வேண்டும். வேறு வேலையும் தேடிக்கொண்டே இரு, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நூல்முனை:
வெள்ளரளி, உங்களைப் போலவே எனக்கும் முதல் கையெழுத்து தெரியாமல் போட்டதுதான். இன்பாக்ஸில் வாருங்கள், வேலை விஷயமாக எனக்குத் தெரிந்த இரண்டு இடம் சொல்கிறேன்.

குறிச்சிக்குளம் (மூன்று வாரம் கழித்து):
போன சனிக்கிழமை நடத்திவிட்டோம். சென்னைப் பயிற்சியாளரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நானும் மெஷின் ஷாப் ஃபோர்மேனும்தான் நடத்தினோம், ஷிஃப்டுக்கு ஒன்றாக மூன்று தடவை, வேலை நேரத்திலேயே. கேன்டீன் பெஞ்சை வட்டமாகப் போட்டோம். முதலாளியை முதல் கூட்டத்தில் முழுக்க உட்கார வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன், உட்கார்ந்தார்.

நாலே நாலு விஷயம் எடுத்தோம், எல்லாம் எங்கள் ஷெட்டில் நடந்தவை. முதலில் ஸ்கிராப் லாரி. பாடவேளை சார் சொன்னபடி அந்தப் பையனையே எழுப்பி டிரைவரிடம் சொல்வது போலச் சொல்லச் சொன்னேன், ஃபோர்மேன் டிரைவராக நடித்தார், நன்றாகவே எகிறினார். பையனுக்கு முதல் தடவை குரலே வரவில்லை. மூன்றாவது தடவை "இறங்கினாத்தாண்ணே சீட்டு" என்றான், எல்லாரும் கை தட்டினார்கள். இரண்டாவது, மூன்று கொட்டேஷன். பழைய ஃபைலிலிருந்து ஒரு செட்டை ஜெராக்ஸ் எடுத்து, பேரை மறைத்துக் கொடுத்தேன். மூன்று வேறு கம்பெனி லெட்டர்பேடு, மூன்றிலும் "பேரிங்" என்ற வார்த்தைக்கு ஒரே எழுத்துப் பிழை. ஸ்டோர்ஸில் மூட்டை தூக்குகிறவர்தான் அதை முதலில் கண்டுபிடித்தார். மூன்றாவது, தீபாவளிப் பரிசு. ஸ்வீட் பாக்ஸ் வந்தால் கேன்டீனில் வைத்து எல்லாருக்கும் பங்கு, யார் அனுப்பியது என்று போர்டில் எழுதுவது, வெள்ளிக் காசோ கவரோ வந்தால் அன்றே திருப்பி அனுப்பி ரசீது வாங்குவது என்று முடிவானது.

நாலாவது பில் பாக்கி. அதை நான் தொடங்குவதற்குள் ஃபவுண்டரியில் மோல்டிங் பார்க்கும் பெரியவர் எழுந்தார். அவர் தம்பி எங்களுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கிறார், எனக்கே அது தெரியாது. "நாங்க யாரும் எடுக்கக் கூடாதுன்னு சொல்றீங்க, சரி. என் தம்பிக்கு நாலு மாசமா நம்ம கம்பெனி குடுக்கல, அது எதுல சேரும்?" என்று முதலாளியைப் பார்த்தே கேட்டார். யாரும் பேசவில்லை, ஃபேன் சத்தம் மட்டும். முதலாளி கொஞ்ச நேரம் கழித்து, எனக்கு இது இவ்வளவு நாள் ஆனது தெரியாது, பார்க்கிறேன் என்றார். தெரியாது என்பது உண்மையாகவும் இருக்கலாம், பட்டியல் அவர் மேசைக்கு மாதக் கடைசியில்தான் போகும், அதிலும் மொத்தத் தொகைதான் இருக்கும், நாள் இருக்காது.

அக்கவுண்ட்ஸில் உட்கார்ந்து நாள் கணக்கோடு எடுத்தோம். 45 நாளைத் தாண்டியவர்கள் 11 பேர். தீபாவளிக்கு முன் ஆறு பேருக்கு முழுசாகப் போய்விட்டது, பெரியவரின் தம்பிக்கும் சேர்த்து. மீதி ஐந்து பேருக்கு டிசம்பருக்குள் என்று முதலாளி கையெழுத்துப் போட்ட மெயில் போயிருக்கிறது. அந்தப் பட்டியல் இப்போது வாராவாரம் அவர் மேசைக்குப் போகிறது. யாரிடம் சொல்வது என்ற கேள்விக்கு இப்போதைக்கு ஃபோர்மேன், நான், ஆபீஸ் அக்கா என்று மூன்று பேர் போன் நம்பரை எடைமேடை கேபினில் ஒட்டியிருக்கிறோம். எங்கள் மூன்று பேரைப் பற்றியே ஒருவருக்குப் புகார் இருந்தால் எங்கே போவார் என்று நைட் ஷிஃப்டில் ஒரு பையன் கேட்டான், அதற்கு இன்னும் பதில் இல்லை. வெளியாள் ஒருவரைப் போடலாமா? ஐயா, 140 பேர் கம்பெனிக்கு அதை எப்படி வைப்பது என்று சொல்லுங்கள்.

ஐந்து லேத்:
தம்பி, அந்த மீதி ஐந்து பேரில் ஒருத்தர் எனக்குத் தெரிந்தவர். நேற்று சாயங்காலம் வந்து உங்கள் கம்பெனி மெயிலை போனில் காட்டினார். டிசம்பரில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.